நினைவை மீட்ட கலைஞர் அஹ்மத் பூஅனானி

ஒரு நாட்டை அடிமைப்படுத்துவோர் அதன் மண்ணை மட்டும் கைப்பற்றுவதில்லை; அதன் கடந்த காலத்தையும் சேர்த்தே கைப்பற்றுகின்றனர். விடுதலைக்குப் பின் மண் மீண்டுவிடுகிறது. கடந்த காலமோ அத்துணை எளிதில் மீள்வதில்லை. அதனை மீட்பதற்கென்றே தம் வாழ்நாளைச் செலவிட்டவர் மொராக்கோ நாட்டுத் திரைப்பட இயக்குநரும் கவிஞருமான அஹ்மத் பூஅனானி ஆவார். அவர் இயக்கிய முழுநீளக் கதைப்படம் ஒன்றே ஒன்றுதான். ஆயினும் மொராக்கோத் திரைப்பட வரலாற்றை எழுதப் புகுவோர் எவரும் அவரை விலக்கிவிட்டு எழுத இயலாது.

பிறப்பும் கல்வியும்

அரபியில் தாருல் பைளா என வழங்கும் காசாபிளாங்கா நகரில் 1938ஆம் ஆண்டு பூஅனானி பிறந்தார். அப்பொழுது மொராக்கோ பிரெஞ்சுக்காரரின் ஆதிக்கத்தில் இருந்தது. 1912இல் தொடங்கிய அவ்வாதிக்கம் 1956இல்தான் முடிவுற்றது. விடுதலைப் போராட்டமும் வன்முறையும் மிகுந்த அக்காலத்தில் வளர்ந்த அவர், இளமையிலேயே தம் தந்தையைக் கொலையாளிகளிடம் பறிகொடுத்தார். அத்துயரம் அவருடைய எழுத்தில் இறுதிவரை நிழலாடியது.

நாடு விடுதலை பெற்ற பின், பாரிசு நகரின் உயர் திரைப்படக் கல்லூரியில் சேர்ந்து 1963இல் பயிற்சியை நிறைவு செய்தார். அவர் சிறப்பாகக் கற்றது படத்தொகுப்புக் கலையாகும். எடுத்த காட்சிகளுள் எதனைக் கொள்வது, எதனைத் தள்ளுவது, எதன் பின் எதனை வைப்பது என்பதை முடிவு செய்யும் கலை அது. அவருடைய வாழ்க்கைப் பணிக்கு அக்கலையே அடித்தளம் ஆயிற்று.

தாயகப் பணி

தாயகம் திரும்பியவர் அரசின் மொராக்கோத் திரைப்பட மையத்தில் பணியேற்றார். மக்கள் வாய்மொழியாக வழங்கிவந்த கவிதைகளின்பால் அவருக்குப் பெரும் ஈடுபாடு இருந்தது. அப்துல்லத்தீப் லஆபி 1966இல் தொடங்கிய ‘சூஃப்ல்’ என்னும் இலக்கிய இதழில் மொராக்கோவின் மக்கள் கவிதை பற்றி அவர் கட்டுரை எழுதினார். அதே ஆண்டில் வெளிவந்த ‘தர்ஃபாயா’ என்னும் குறும்படமும் ஒரு கவிஞனின் பயணத்தைக் கூறுவதே. 1968இல் நண்பர்களுடன் இணைந்து ‘6உம் 12உம்’ என்னும் குறும்படத்தை உருவாக்கினார். காலை ஆறு மணி முதல் நண்பகல் பன்னிரண்டு வரை காசாபிளாங்கா நகரம் இயங்கும் விதத்தை, கதையோ உரையாடலோ இன்றிக் காட்சிகளின் தாளத்தால் மட்டுமே சொல்லும் படம் அது.

1970இல் ஹமீத் பன்னானி இயக்கிய ‘வஷ்மா’ மொராக்கோத் திரைப்படத்தின் திருப்புமுனையாகப் போற்றப்படுகிறது. அதன் படத்தொகுப்பாளர் பூஅனானியே ஆவார். ஆயினும் பொதுவுடைமையாளர் என்ற ஐயத்திற்கு ஆளானமையால், தம் பெயரில் படம் இயக்கும் வாய்ப்பு அவருக்கு நெடுங்காலம் மறுக்கப்பட்டது.

நினைவு 14

அவருடைய படைப்புகளுள் தலையாயது 1971ஆம் ஆண்டின் ‘நினைவு 14’ என்பதாகும். ஹிஜ்ரி 14ஆம் நூற்றாண்டைக் குறிக்கும் பெயர் இது. மொராக்கோ மக்கள் தம் உரிமையை இழந்ததும் போராடி மீண்டதும் அந்நூற்றாண்டிலேதான்.

இப்படத்திற்கென அவர் பெரிதும் புதிய காட்சிகளை நாடவில்லை. ஆதிக்க காலத்தில் பிரெஞ்சுக்காரர் எடுத்துவைத்த பழைய படச்சுருள்களையே எடுத்துக்கொண்டார். தம் படைகளின் வெற்றியைப் பறைசாற்றவும், தம் ஆட்சியின் பெருமையைக் காட்டவும் அவர்கள் எடுத்த காட்சிகள் அவை. அவற்றை வெட்டி, வரிசை மாற்றி, தம் கவிதையோடு இணைத்து, ஆளப்பட்டவரின் வரலாறாக மாற்றிக் காட்டினார் பூஅனானி. வென்றவனின் ஏட்டிலிருந்தே தோற்றவனின் வாக்குமூலத்தை வெளிக்கொணர்ந்த அருஞ்செயல் எனலாம்.

ஆனால் விடுதலை பெற்ற நாட்டின் தணிக்கை அப்படத்தை விட்டுவைக்கவில்லை. 108 நிமிடம் ஓடிய படம் வெட்டப்பட்டு 24 நிமிடமாகச் சுருங்கியது. அந்நியர் எழுதிய வரலாற்றைத் திருத்த முயன்ற கலைஞரின் படைப்பு, சொந்த நாட்டாரின் கத்தரிக்கு இரையாயிற்று. எஞ்சிய 24 நிமிடமே இன்றும் அவரது பெயரை நிலைநிறுத்துகிறது.

கானல் நீர்

1977இல் ‘நான்கு ஊற்றுகள்’ என்னும் குறும்படத்தை இயக்கிய பின், 1979இல் ‘அஸ்ஸராப்’, அதாவது ‘கானல் நீர்’, என்னும் முழுநீளப் படத்தைக் கறுப்பு வெள்ளையில் உருவாக்கினார். கதை நிகழும் ஆண்டு 1947. ஏழை உழவன் ஒருவன் மாவு மூட்டையொன்றில் பணத்தாள்களைக் கண்டெடுக்கிறான். அவற்றை மாற்றிப் பயன்பெறலாம் என்னும் ஆசையோடு மனைவியுடன் நகரம் செல்கிறான். அங்கே அவன் காண்பது செல்வத்தை அன்று. ஏமாற்றுவோரையும் ஏமாந்தோரையும் கனவு காண்போரையுமே. கையில் பணம் இருந்தும் வாழ்வு கைக்கு எட்டவில்லை. அடிமை நாட்டில் எளியவன் காணும் செல்வக் கனவு கானல் நீரே என்பதை அப்படம் உணர்த்துகிறது.

எழுத்துப் பணி

படம் எடுக்க இயலாத காலங்களில் அவர் எழுதினார். வெளியிட்டதைவிட மேசை அறையில் பூட்டிவைத்ததே மிகுதி. 1980இல் ‘சாளரக் கதவுகள்’ என்னும் பொருள்படும் கவிதை நூலும், 1990இல் ‘மருத்துவமனை’ என்னும் புதினமும் பிரெஞ்சு மொழியில் வெளிவந்தன. காசநோய்க்காகத் தாம் மருத்துவமனையில் கழித்த நாள்களை அடிப்படையாகக் கொண்டது அப்புதினம். தாவூத் அவ்லாத் சய்யித் இயக்கிய படங்களுக்குத் திரைக்கதையும் எழுதினார். மொராக்கோவில் 1907 முதல் 1986 வரையிலான திரைப்பட வரலாற்றை ‘ஏழாவது வாயில்’ என்னும் தலைப்பில் எழுதிவைத்தார். பிறர் படைப்புகளின் நினைவையும் காத்துவைக்க வேண்டும் என்ற பொறுப்புணர்வை அந்நூல் காட்டுகிறது.

இறுதிக் காலம்

மகள் ஒருவரின் மறைவு அவரை உலுக்கியது. தலைநகர் ரபாத்தை விட்டுத் தெம்னாத் அருகே மலைச் சிற்றூர் ஒன்றில் ஒதுங்கி வாழ்ந்தார். 2006இல் ரபாத்திலிருந்த அவரது இல்லத்தில் தீப்பற்றியது. ஆண்டுக்கணக்கில் சேர்த்துவைத்த தாள்களுள் ஒரு பகுதி சாம்பலாயிற்று. நினைவைக் காக்கவே வாழ்ந்தவரின் நினைவுக் கருவூலத்தைத் தணிக்கையும் நெருப்பும் மாறிமாறித் தின்றன. 2011 பிப்ரவரியில் அவர் காலமானார்.

ஆயினும் கதை அத்துடன் முடியவில்லை. எரியாது எஞ்சியவற்றை மகள் தூதா பேணிக் காத்தார். 2012இல் ‘மருத்துவமனை’ மறுபதிப்புப் பெற்றது; 2018இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தது. இயக்குநர் அலீ அஸ்ஸாபி அவரைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார். ‘ஏழாவது வாயில்’ 2020இல் நூலாயிற்று.

ஒருவர் எத்தனை படங்கள் எடுத்தார் என்று எண்ணுவது எளிது. எத்தனை தடைகளுக்கிடையே எடுத்தார் என்று எண்ணிப் பார்ப்பதே தகும். பிறர் அழித்ததை மீட்டவர் பூஅனானி. அவரிடமிருந்து அழிந்ததை அடுத்த தலைமுறையினர் மீட்டனர். ஒரு சமுதாயத்தின் நினைவு இவ்வாறு கைமாறிக் கைமாறியே நிலைபெறுகிறது. முதியோர் சொல்லக் கேட்ட செய்தியாயினும், செல்லரித்த ஏடாயினும், அதனைப் பேணி அடுத்தவர் கையில் ஒப்படைப்பது கற்றோர் கடன் என்பதை மாணவர்கள் அவர்தம் வாழ்விலிருந்து உணர்வார்களாக.