சோயா ரொட்டி சுட்ட லி யூயிங்

சோயா மொச்சையை நீங்கள் பயிரிட்டிருக்கலாம். இல்லாவிட்டால், எண்ணெய் எடுத்த அதன் புண்ணாக்கைக் கோழித் தீவனத்திலாவது பார்த்திருப்பீர்கள். வீட்டில் மீல் மேக்கர் குழம்பு சாப்பிட்டிருப்பீர்கள். இந்தச் சோயாவைச் சர்க்கரை நோயாளிகளின் தட்டுக்குக் கொண்டுபோக, நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் பாரிஸ் நகரின் ஓரத்தில் ஆலை கட்டினார் என்பது தெரியுமா? அவர் பெயர் லி யூயிங். சீனர். லி ஷிஸெங் என்ற பெயராலும் அறியப்படுகிறார்.

வேளாண் பள்ளியில் அமைச்சர் மகன்

1881-ல் பெய்ஜிங்கில் பிறந்தார் லி. சொந்த ஊர், இன்றைய ஹெபெய் மாகாணத்தில் உள்ள கௌயாங். தந்தை லி ஹோங்ஸாவ் சீனப் பேரரசின் மூத்த அமைச்சர். ஒரு பேரரசருக்கே ஆசிரியராக இருந்தவர். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை தேர்வு எழுதி அரசுப் பதவியில் உட்காருவதுதான் அன்றைய வழக்கம்.

லி வேறு வழியில் போனார். 1902-ல், 21 வயதில், பிரான்சுக்குச் சென்ற சீனத் தூதருடன் கப்பல் ஏறினார். அங்கே அவர் சேர்ந்தது சட்டக் கல்லூரியில் அல்ல. பாரிஸுக்குத் தெற்கே மோன்தார்ஜி என்ற சிற்றூரில் இருந்த வேளாண் பள்ளியில். மூன்றாண்டுகள் பயிர்த் தொழில் படித்துவிட்டுப் பாரிஸ் திரும்பினார். அங்கு பாஸ்டர் நிறுவனத்தில், தன் நாட்டுப் பயிரான சோயாவையே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார்.

1905-ல் பாரிஸில் சர்வதேசப் பால்வள மாநாடு நடந்தது. மாடு வளர்ப்பும் பாலும் பேசப்பட்ட அந்த மேடையில், மாடு இல்லாமலே பால் எடுக்கலாம் என்று சோயா பாலைப் பற்றி எடுத்துச் சொன்னார் லி.

ரொட்டி மறுக்கப்பட்டவர்கள்

அன்றைய சர்க்கரை நோயாளிகளின் நிலையை நீங்கள் தெரிந்துகொண்டால்தான் லியின் வேலை புரியும். இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டது 1921-ல்; நோயாளிக்கு முதலில் செலுத்தப்பட்டது 1922 ஜனவரியில். அதற்கு முன்பு மருத்துவர் கையில் இருந்த முக்கிய ஆயுதம் பத்தியம்தான். மாவுச்சத்தும் சர்க்கரையும் உள்ள உணவுகளை நிறுத்திவிடுவார்கள். நமக்குச் சோறு எப்படியோ, பிரெஞ்சுக்காரர்களுக்கு ரொட்டி அப்படி. மூன்று வேளையும் ரொட்டி தின்று பழகியவரிடம் இனி ரொட்டியே கூடாது என்றால் என்ன செய்வார்?

இங்கேதான் சோயா உதவியது. 100 கிராம் கோதுமை மாவில் சுமார் 70 கிராம் மாவுச்சத்து. சோயாவிலோ அது மிக மிகக் குறைவு. எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புரதம், ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய், மீதியில் நார்ச்சத்து கணிசம். உளுந்து, துவரை, கொண்டைக்கடலை எல்லாவற்றிலும் மாவுச்சத்து உண்டு. பருப்பு இனத்தில் சோயாவின் தனித்தன்மை இதுதான். 19-ம் நூற்றாண்டின் இறுதியிலேயே பாரிஸ் மருத்துவர்கள் சிலர் சோயா மாவு ரொட்டியை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்திருந்தார்கள். அதைத் தொழிலாக விரிவாக்க முனைந்தவர் லி.

கொலம்பில் ஒரு ஆலை

சீனா சென்று முதல் திரட்டி வந்த லி, 1908-09 வாக்கில் பாரிஸை அடுத்த கொலம்ப் பகுதியில் ஆலையைத் தொடங்கினார். சோயா பால், அதைத் திரித்துச் செய்த டோஃபு, சோயா மாவு, ரொட்டி, பிஸ்கட், எண்ணெய், சோயா காபி, ஜாம் என்று ஒரே பயறிலிருந்து பல பண்டங்கள் வெளிவந்தன. இன்று நாம் மதிப்புக்கூட்டுதல் என்று சொல்கிறோமே, அதுதான். 1910-ல் சோயா பால் தயாரிப்பு முறைக்கு இங்கிலாந்தில் காப்புரிமைக்கும் விண்ணப்பித்தார். 1912-ல் பிரெஞ்சு வேளாண் நிபுணர் ஒருவருடன் சேர்ந்து சோயா சாகுபடி முதல் உணவு வரை விளக்கும் நூலைப் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டார்.

ஆலைக்கு ஆட்களைச் சொந்த வட்டாரமான கௌயாங்கிலிருந்து அழைத்து வந்தார். பகலில் வேலை, இரவில் படிப்பு. குடி, சூதாட்டம் கூடாது. சீனப் புரட்சித் தலைவர் சுன் யாட்-சென் 1909-ல் இந்த ஆலையை நேரில் பார்த்தார்; பின்னாளில் தன் எழுத்திலும் குறிப்பிட்டார். உழைத்துக்கொண்டே படிக்கும் இந்த முறையை லியும் நண்பர்களும் பெரிய இயக்கமாக வளர்த்தார்கள். அதன் வழியாகப் பிரான்சுக்கு வந்த இளைஞர்களில் சூ என்லாய், டெங் சியாவோபிங் ஆகியோரும் உண்டு.

ஆனால் ஆலை நீண்ட காலம் நிலைக்கவில்லை. பாலும் சீஸும் தாராளமாகக் கிடைக்கும் நாட்டில் சோயா பாலுக்குச் சந்தை பிடிப்பது எளிதல்ல. சோயாவின் பச்சை வாடை புதியவர்களுக்குப் பிடிப்பதில்லை. இன்சுலின் வந்தபின் சோயா ரொட்டிக்கு இருந்த அவசரத் தேவையும் குறைந்தது.

லி அதோடு ஓய்ந்துவிடவில்லை. பெய்ஜிங் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். 1925-ல் பேரரசரின் அரண்மனையை மக்கள் பார்க்கும் அருங்காட்சியகமாக மாற்றியதில் முன்னின்றார். 1949-க்குப் பிறகு சில ஆண்டுகள் வெளிநாடுகளில் இருந்துவிட்டுத் தைவானில் குடியேறினார். சைவ உணவுக்காரரான அவர் 1973-ல், 92-ம் வயதில், தைபேயில் காலமானார்.

அவர் காலத்துக்குப் பிறகு

லி நம்பியதை ஆய்வுகள் பிறகு ஓரளவு சோதித்துப் பார்த்தன. ஷாங்காய் நகரில் 64,000-க்கும் மேற்பட்ட பெண்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். 2008-ல் வெளியான அந்த ஆய்வில், பயறுகளை, குறிப்பாகச் சோயாவை, அதிகம் சாப்பிட்டவர்களிடம் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் குறைவாகவே வந்திருந்தது. சிங்கப்பூர்ச் சீனர்களிடம் நடந்த இன்னொரு ஆய்வு நமக்கு ஓர் எச்சரிக்கை தருகிறது. சர்க்கரை சேர்க்காத சோயா உணவு சாப்பிட்டவர்களிடம் நோய் குறைவு. சர்க்கரை கலந்த சோயா பானம் குடித்தவர்களிடம் நோய் அதிகம்.

இவை மக்களின் உணவுப் பழக்கத்தைக் கவனித்துச் சொன்ன முடிவுகள். சோயா தின்றால் நோய் வராது என்ற உத்தரவாதம் அல்ல. சோயா மருந்தும் அல்ல. இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. வயலில் வேலை செய்கிறோம், நமக்கு வராது என்று நீங்களும் இருந்துவிட முடியாது.

நீங்கள் செய்யக்கூடியவை

லியின் ரொட்டியில் உள்ள பாடம் ஒன்றுதான்: சோயா, மாவுச்சத்துக்குப் பதிலாக வந்தது, அதற்கு மேல் கூடுதலாக வரவில்லை. வழக்கமான அளவு சோறும் சாப்பிட்டு, மேலே மீல் மேக்கரும் சேர்த்தால் பயன் குறைவு. சோற்றில் ஒரு பங்கைக் குறைத்து, அந்த இடத்தில் சோயாவையோ வேறு பயறையோ காய்கறியையோ வையுங்கள்.

கோதுமை அரைக்கக் கொடுக்கும்போது 9 கிலோவுக்கு 1 கிலோ சோயா சேர்க்கலாம். சோயாவை முதலில் வேகவைத்தோ வறுத்தோ காயவைத்துக்கொள்ளுங்கள். பச்சைச் சோயாவில் புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள் இருக்கிறது; நன்றாக வெந்தால்தான் அது போகும். சோயா பால் எடுப்பவர்கள் இரவே ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, கொதிநீர் விட்டு அரையுங்கள். பச்சை வாடை பெரிதும் அடங்கும். அரைத்த பாலை நன்றாகக் கொதிக்கவிட்டுக் குடியுங்கள். சர்க்கரை, வெல்லம் வேண்டாம்.

ஏற்கெனவே மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், மருத்துவரிடம் கேட்காமல் உணவை மாற்றவோ மருந்தை நிறுத்தவோ கூடாது. தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் அதனுடன் சேர்த்துச் சோயா சாப்பிடக் கூடாது. எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

களப் பணியாளர்களுக்கு ஒரு சொல். லியின் ஆலை சத்தில் தோற்கவில்லை; சுவையிலும் பழக்கத்திலும்தான் தடுமாறியது. சத்துக் கணக்கை மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். மகளிர் குழுக் கூட்டத்தில் சோயா கலந்த சப்பாத்தியைச் சுட்டு ஆளுக்கொன்று கொடுத்துவிட்டுப் பேசுங்கள். பிடித்திருந்தால் அவர்களே அடுத்த முறை மாவு மில்லுக்குச் சோயாவைக் கொண்டுபோவார்கள்.