இசைவாணர் பால் ராப்சன்

அமெரிக்க நாட்டின் நியூஜெர்சி மாநிலத்தில், பிரின்ஸ்டன் என்னும் ஊரில், 1898ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் பால் ராப்சன் பிறந்தார். அவர்தம் தந்தையார் வில்லியம் ட்ரூ ராப்சன் அடிமையாகப் பிறந்தவர். வடகரோலினாவின் பண்ணை ஒன்றில் உழன்ற அவர், 1860இல், தம் பதினைந்தாம் வயதில், உயிரைப் பணயம் வைத்து வடக்கே தப்பியோடினார். ராப்சன் என்னும் பெயரே அப்பண்ணைக்காரரின் குடும்பப் பெயர்தான். ஆண்டை இட்ட பெயரால் அழைக்கப்பட்ட முன்னோரின் வழிவந்த நமக்கு இதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை.

தப்பி வந்த அந்த இளைஞர் கற்றுத் தேர்ந்து தேவாலயப் போதகரானார். 1901இல் அப்பதவி பறிபோயிற்று. அவர் சோர்ந்து அமரவில்லை, குதிரைவண்டி ஓட்டினார், வீடுகளின் அடுப்புச் சாம்பலை அள்ளி ஏற்றிச் சென்று பிழைத்தார். 1904இல் அன்னையார் தீ விபத்தில் மாண்டார். ஐந்து வயதுச் சிறுவனான பாலைத் தந்தையாரே வளர்த்தார். ஏழு பாடங்களில் முதல் தரமும் ஒன்றில் மட்டும் அடுத்த தரமும் பெற்று மகன் வந்தால், அந்த ஒன்றைப் பற்றியே அவர் கேட்பாராம். இத்தகைய தந்தையர் நம் தெருக்களிலும் உண்டு. அவர்களுக்குப் பெரும்பாலும் எழுத்தறிவு மட்டும் கிட்டவில்லை.

1915இல் ரட்கர்ஸ் கல்லூரியின் உதவித்தொகைக்கான மாநிலத் தேர்வு நடந்தது. ஏனையோர் முற்பகுதியை முந்தைய ஆண்டே எழுதியிருந்தனர். ராப்சனோ நான்காண்டுப் பாடங்கள் அனைத்தையும் ஒரே தேர்வாக எழுதி வென்றார். கல்லூரியில் கால்பந்து ஆடச் சென்றபோது சொந்த அணியினரே அவரைக் கீழே தள்ளி மூக்கை உடைத்தனர்; ஒருவன் ஆணி பதித்த காலணியால் அவர் கையை மிதித்தான். எனினும் 1917, 1918 ஆகிய ஈராண்டும் நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரர் வரிசையில் அவர் பெயர் இடம்பெற்றது. 1919இல் வகுப்பின் முதல் மாணவராகப் பட்டம் பெற்று விடையுரை ஆற்றினார். அதைக் கேட்கத் தந்தையார் இல்லை. முந்தைய ஆண்டே மறைந்துவிட்டார்.

பின்னர் நியூயார்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்றார். நம் அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை பயின்ற அதே பல்கலைக்கழகம்தான். சில ஆண்டு இடைவெளியில், இருவேறு கண்டங்களின் ஒடுக்கப்பட்ட குலத்துப் பிள்ளைகள் இருவர் அதே வாயிலில் நுழைந்தனர் என்பது நம் இளைஞர் அறியத்தக்கது. ராப்சன் 1923இல் சட்டப் பட்டம் பெற்று வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் சேர்ந்தார். அங்கிருந்த வெள்ளைச் சுருக்கெழுத்துப் பெண், கறுப்பர் சொல்வதைத் தாம் எழுத இயலாது என மறுத்துவிட்டார். அலுவலகத் தலைவர் நல்லெண்ணம் உடையவர்தான். கறுப்பர் வாழும் ஹார்லெமில் ஒரு கிளை திறந்து தருவதாகச் சொன்னார். பட்டம் பெற்ற பின்னும் உன் சேரிக்குள்ளேயே இரு என்பதன் நயமான வடிவமன்றோ இது! ராப்சன் அவ்வேலையை விட்டு வெளியேறினார்.

நாடகமேடை அவரை ஏற்றது. ஆயினும் நாம் இங்கு விரித்துரைக்க விழைவது 1925 ஏப்ரல் 19ஆம் நாள் நியூயார்க்கில் நடந்த இசைநிகழ்ச்சியையே. லாரன்ஸ் பிரவுன் பியானோ வாசிக்க, ராப்சன் அன்று பாடியவை எல்லாம் கறுப்பின மக்களின் பாடல்களே. அடிமைகள் பருத்திக் காட்டிலும் இரவு வழிபாட்டிலும் பாடிய பக்திப் பாடல்கள் அவற்றுள் தலையாயவை. படித்த கறுப்பினத்தவர் பலர், பழைய அவமானத்தின் எச்சமென்று அப்பாடல்களை ஒதுக்கிவந்த காலம் அது. ஐரோப்பிய இசைமேதைகளின் பாடல்களுக்குரிய மரியாதையோடு அவற்றை ராப்சன் மேடையேற்றினார்.

நம் பறையையும், நடவுப் பாட்டையும், ஒப்பாரியையும் எண்ணிப் பார்க்கிறோம். ஊரார் கட்டாயத்துக்குப் பறையடிக்க மாட்டோம் என்று மறுத்து நின்றோர் நம்மில் உண்டு. அவர்கள் செய்தது முற்றிலும் சரியே. ஆனால், ஏவலுக்கு அடிப்பது வேறு. நம் கலை என்று நாமே எடுத்து முழக்குவது வேறு. இந்த வேறுபாட்டை ராப்சன் அன்றே உணர்ந்திருந்தார். மிசிசிப்பி ஆற்றைப் பற்றிய புகழ்பெற்ற நாடகப் பாடலில் சலிப்பையும் பணிவையும் சொன்ன வரிகளை நீக்கிவிட்டுப் போராட்டத்தைச் சொல்லும் வரிகளைப் பிற்காலத்தில் தாமே அமைத்துப் பாடினார்.

1930இல் லண்டனில் ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோவாக நடித்தார். 1943இல் நியூயார்க் பிராட்வேயில் அதே வேடம் ஏற்றபோது நாடகம் 296 முறை நடந்தது. கறுப்பரையும் வெள்ளையரையும் பிரித்து அமர்த்தும் அரங்கில் நடிக்க மறுத்தார். வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளரோடு உறவு பூண்டார். ஆப்பிரிக்க மொழிகளைக் கற்றார். 1935இல் வெளிவந்த ஒரு திரைப்படம் தம்மை வைத்தே பேரரசின் புகழைப் பாடியதைக் கண்டு மனம் வெதும்பி, அதைத் தம் படமென்று கொள்ள மறுத்தார்.

இனவெறிக்கும் ஆதிக்கத்துக்கும் எதிராக அவர் வெளிப்படையாகப் பேசப் பேச, அரசின் சினமும் வளர்ந்தது. 1949இல் பீக்ஸ்கில் என்னுமிடத்தில் அவருடைய இசைநிகழ்ச்சிக்கு வந்தோர் கல்லால் தாக்கப்பட்டனர். 1950இல் கடவுச்சீட்டு பறிக்கப்பட்டது. அரங்குகள் கதவடைத்தன. 1918ஆம் ஆண்டின் தலைசிறந்த ஆட்டக்காரர் பட்டியலிலிருந்துகூட அவர் பெயர் நீக்கப்பட்டு, பதினொருவர் அணி பதின்மராய்க் குறுகியது! சோவியத் ஆட்சியின் கொடுமைகளைக் குறித்து அவர் வாய்திறவாமல் இருந்தது குறையே என்பது நம் கருத்து. எனினும், வாயடைத்து இருந்திருந்தால் செல்வமும் புகழும் குன்றாதிருந்திருக்கும் என்பதை அறிந்தே அவர் தம் மக்களுக்காகப் பேசினார்.

கனடாவுக்குச் செல்லவும் தடை விதிக்கப்பட்டது. 1952இல் இரு நாட்டு எல்லைக்கோட்டருகே ஒரு லாரியின் மேல் நின்று பாடினார்; எல்லையின் இருபுறமும் ஆயிரக்கணக்கானோர் திரண்டு கேட்டனர். 1957இல் நியூயார்க்கில் இருந்தபடியே, கடலடித் தொலைபேசிக் கம்பி வழியாக லண்டன் மக்களுக்கும், பின்னர் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளருக்கும் பாடினார். 1958இல் அவருடைய அறுபதாம் பிறந்தநாளை இந்தியாவிலும் கொண்டாடினர். பிரதமர் நேரு அதற்கு ஆதரவளித்தார். உச்சநீதிமன்றத் தீர்ப்பொன்றால் அவ்வாண்டே கடவுச்சீட்டு திரும்பக் கிடைத்தது. அதற்குள் எட்டாண்டுகள் கழிந்திருந்தன.

பின்னர் உடலும் உள்ளமும் நலிந்தன. இறுதிக் காலத்தைத் தமக்கையார் இல்லத்தில் கழித்து, 1976 ஜனவரி 23ஆம் நாள் பிலடெல்பியாவில் மறைந்தார். அவர் உடன்பிறந்தார் முன்னர்ப் போதகராய் இருந்த ஹார்லெம் தேவாலயத்தில் இறுதி வழிபாடு நடைபெற்றது. மழையையும் பொருட்படுத்தாது மக்கள் திரண்டனர். கல்லூரிக் கால்பந்தின் புகழ்மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது 1995இல்தான். அப்போது அவர் ஆட்டக்களத்தை விட்டு எழுபத்தாறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன.