மகளைப் படிக்க அனுப்பிய தந்தை

சந்தைக்குக் காய்கறி மூட்டை ஏற்றிப் போகும் மொபெட்டில் டி.வி.எஸ். என்ற மூன்றெழுத்தை நாம் நாள்தோறும் பார்க்கின்றோம். அது ஒரு மனிதரின் பெயர் என்பது நம் பிள்ளைகள் பலருக்குத் தெரிவதில்லை. மறைக்கல்வி வகுப்பில் ஒருமுறை கேட்டபோது, தொலைக்காட்சி செய்யும் கம்பெனி என்றான் ஒரு சிறுவன்! திருநெல்வேலிச் சீமையின் திருக்குறுங்குடிதான் அந்த முதல் எழுத்து. அவ்வூரில் 1877ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள் பிறந்த சுந்தரம் ஐயங்காரைத்தான் இன்று நாம் நினைவுகூர்கின்றோம்.

மகன் வழக்கறிஞராக வேண்டும் என்பது தந்தையின் ஆசை. இவரும் சட்டம் படித்தார். பிறகு ரயில்வேயில் வேலை, அதன்பின் வங்கியில் வேலை. மாதம் பிறந்தால் சம்பளம் வரும் உத்தியோகத்தை விட்டுவிட்டு மோட்டார் தொழிலில் இறங்குவது அந்தக் காலத்தில் எவ்வளவு பெரிய துணிச்சல் என்று எண்ணிப் பாருங்கள். 1911இல் நிறுவனத்தைத் தொடங்கினார். 1912இல் பேருந்து ஓட்டத் தொடங்கினார். அப்போது நம் ஊர்ப் பாதைகளில் மாட்டு வண்டிகளே போய்க்கொண்டிருந்தன. வண்டி எப்போது கிளம்பும், எப்போது போய்ச் சேரும் என்பது வண்டிக்காரருக்கே தெரியாது.

இவருடைய பேருந்தோ குறித்த நேரத்தில் கிளம்பியது. டி.வி.எஸ். பேருந்து போவதைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டதாக மதுரைப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். இன்னொரு செய்தியும் உண்டு. மாட்டு லாடத்திலிருந்து கழன்று சாலையில் கிடக்கும் ஆணிகள் டயரைக் குத்தி வண்டியை நிறுத்திவிடும் அல்லவா? அதற்காகக் காந்தம் கட்டிய வண்டி ஒன்றை முன்னே ஓடவிட்டு, ஆணிகளைப் பொறுக்கச் செய்தாராம். பயணியின் நேரத்தை ஒரு முதலாளி இவ்வளவு மதித்தார் என்பதே நமக்கு வியப்பு. (காலை ஆறு மணித் திருப்பலிக்கு ஆறேகாலுக்கு வரும் நாமும் இதைச் சற்று யோசிக்கலாம்.)

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் வண்டிகள் முடங்கின. அப்போது கரியை எரித்து, அதிலிருந்து வரும் வாயுவால் எஞ்சினை இயக்கும் சாதனத்தை இவருடைய நிறுவனம் தயாரித்துத் தந்தது. இப்படித் தொழிலில் அவர் செய்தவற்றை எழுதினால் பக்கங்கள் போதா. ஆனால், அன்பர்களே, அவருடைய வாழ்வில் நம்மை அதிகமாகத் தொடுவது தொழிற்கூடத்தில் நடந்தது அன்று. அவர் வீட்டுக்குள் நடந்தது.

அவருடைய மகள் சௌந்தரம் 1904இல் பிறந்தவர். அக்கால வழக்கப்படி சிறுவயதிலேயே மணம் முடித்துக் கொடுத்தார்கள். கணவர் இளமையிலேயே காலமானார். வைதீகமான ஐயங்கார் குடும்பத்தில் அன்று ஓர் இளம் விதவைக்கு என்ன காத்திருந்தது என்பது நாம் அறியாததல்ல. நல்ல காரியங்களில் முகம் காட்டக்கூடாது. வீட்டின் ஒரு மூலையே வாழ்க்கை. வசதி படைத்த தந்தை, மகளுக்குச் சோறும் துணியும் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும், ஊர் அவரைப் புகழ்ந்திருக்கும்.

சுந்தரம் ஐயங்கார் அப்படி விட்டுவிடவில்லை. டில்லியில் பெண்களுக்கென்றே இருந்த லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் மகள் படித்தார். 1936இல் மருத்துவராக வெளியே வந்தபோது அவருக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. டில்லியில்தான் சுசீலா நய்யாரின் நட்பும், அவர் வழியாகக் காந்தியடிகளின் அறிமுகமும் கிடைத்தன. பின்னர் கேரளத்தைச் சேர்ந்த காந்தியத் தொண்டர் ஜி. இராமச்சந்திரனை அவர் மணக்க விரும்பினார். விதவை மறுமணம்; அதுவும் வேறு சாதி, வேறு மொழி. அத்தகைய குடும்பத்துக்கு இது எளிதில் விழுங்கக்கூடிய செய்தியா? காந்தியடிகளின் வார்த்தையும் துணை நிற்க, 1940இல் அந்தத் திருமணம் நடந்தது.

இதை எழுதும்போது நமக்குப் பழைய நினைவு ஒன்று வந்து உறுத்துகிறது. பல ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய ஒரு பங்கில், விபத்தில் கணவரை இழந்த 24 வயதுப் பெண்ணை அவருடைய அப்பா நம்மிடம் அழைத்து வந்தார். அந்தப் பெண் நர்ஸ் படிப்புக்குப் போக ஆசைப்பட்டார். ஊர் என்ன சொல்லும், சாமி என்று கேட்டார் அப்பா. ஓராண்டு பொறுத்துப் பார்க்கலாம் என்று சொல்லி நாமும் அனுப்பிவிட்டோம். அந்த ஓராண்டு முடியவே இல்லை. இன்றும் நம் வீட்டுத் திருமணங்களில், மாலை எடுத்துக் கொடுக்க விதவைத் தாய் வந்தால் யாராவது ஓர் அத்தை அவரது கையைப் பிடித்துப் பின்னுக்கு இழுப்பதைப் பீடத்திலிருந்து நாம் பார்த்துக்கொண்டுதான் நிற்கின்றோம்.

மகளும் மருமகனும் 1947இல் திண்டுக்கல்லுக்கு அருகே காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். மருத்துவமனை, பள்ளி, கிராமியக் கல்வி நிலையம் என்று அது வளர்ந்தது. 1962இல் திண்டுக்கல் தொகுதியிலிருந்து மக்களவைக்குச் சென்ற சௌந்தரம் அம்மையார், நடுவண் அரசில் கல்வித் துணை அமைச்சராகவும் இருந்தார்.

தந்தை 1955ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள், தம் 78ஆம் வயதில், கொடைக்கானலில் காலமானார். அவர் தொடங்கிய தொழிலை மகன்கள் எடுத்து நடத்தினார்கள்; பிரேக், சக்கரம், நிதி நிறுவனம், மொபெட் என்று அது கிளைவிட்டது. நூறாண்டுக்கு மேல் சேர்ந்திருந்த குடும்பக் கிளைகள் 2022இல் தத்தம் பங்குகளைப் பிரித்துக்கொண்டன. சௌந்தரம் அம்மையார் 1984இல் மறைந்தார். மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் பேருந்தில் ஏறினால், காந்திகிராமம் நிறுத்தத்தில் கைக்குழந்தையோடு இறங்கும் தாய்மாரைப் பார்க்கலாம். அந்த மருத்துவமனைக்குத்தான் போகிறார்கள்.