தந்தை கடன் தீர்த்த தனயன்



சம்பளத்தன்று மளிகைக் கடை 555 நோட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடாத வீடு நம் தோட்டத்தில் உண்டா? நாம் வாங்கிய கடனே நம்மை இந்தப் பாடு படுத்துகிறது. தாம் வாங்காத கடனைத் தம் தலையில் ஏற்றிக்கொண்ட ஒருவரின் கதையைக் கேளுங்கள். அவர்தான் டான் கா கீ.

சீனாவில் ஜிமெய் என்னும் கடலோர ஊரில் 1874-ஆம் ஆண்டு பிறந்தார். 1890-இல் கப்பலேறிச் சிங்கப்பூர் வந்து, தந்தையின் அரிசிக் கடையில் தொழில் பழகினார். நடுவே ஊருக்குப் போனவர், 1903-இல் திரும்பி வந்து பார்த்தால் கடை நொடித்துக் கிடந்தது! வீட்டார் சிலர் கல்லாவில் கைவைத்து இஷ்டத்துக்குச் செலவழித்திருந்தார்கள். தட்டிக் கேட்க ஆளில்லை. கடனோ இரண்டு லட்சம் வெள்ளிக்கு மேல்.

அப்பன் கடனை மகன் கட்ட வேண்டும் என்று அன்றைய சட்டம் சொல்லவில்லை. ஆனாலும் அவர் நழுவவில்லை. 1904-இல் சுமார் ஏழாயிரம் வெள்ளி முதலில், அன்னாசிப் பழத்தை டின்னில் அடைக்கும் தொழில் தொடங்கினார். கடன் கொடுத்தவர்களோடு உட்கார்ந்து பேசி, ஒப்புக்கொண்டபடி 1907-க்குள் கணக்கைத் தீர்த்தார். பணம் போனது, பெயர் நின்றது. அந்தப் பெயரே அவருக்குப் பெரிய முதலாயிற்று.

ஒரே பயிரையும் அவர் நம்பியிருக்கவில்லை. 1906-இல் அன்னாசிச் செடிகளுக்கு நடுவே கித்தா விதைகளை ஊன்றினார். 1920-களில் ரப்பர் செருப்பு, டயர் என்று ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் ஆலைகளுக்கு முதலாளியானார். சம்பாதித்ததைப் பள்ளிக்கூடங்களுக்கு வாரி வழங்கினார். 1921-இல் சியாமென் பல்கலைக்கழகத்தை நிறுவினார்.

பிறகு வந்தது சோதனை. 1929-க்குப் பின் கித்தா விலை அதலபாதாளத்தில் விழுந்தது. நம் பாட்டன்மார் பலர் வேலையிழந்து தமிழ்நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது அந்தக் காலத்தில்தான். பேங்கில் பெருங்கடன் வாங்கித் தொழிலை விரித்திருந்த டான் கா கீயும் தப்பவில்லை. 1931-இல் நிர்வாகம் பேங்குகளின் பிடிக்குள் போனது. 1934-இல் கம்பெனி மூடப்பட்டது. அந்த நெருக்கடியிலும் பள்ளிகளைக் கைவிடாமல் காக்கப் பாடுபட்டார். 1961-இல் பெய்ஜிங்கில் காலமானார். ஆலைகள் போய்விட்டன, பல்கலைக்கழகமோ இன்றும் நிற்கிறது.

பெற்றோர்களே! இவர் வாழ்விலே இரண்டு பாடம் உண்டு. கணக்குப் பார்க்காத குடும்பம் கடையையே தின்றுவிடும். கணக்குப் பார்த்தவரும் அளவுக்கு மீறிக் கடன்பட்டால் கெட்ட காலத்தில் தாங்க முடியாது. கச்சான் கடை வைத்தாலும் சரி, கறவை மாடு வளர்த்தாலும் சரி, தொழில் பணம் வேறு, வீட்டுப் பணம் வேறு என்று பிரித்து வையுங்கள். யார் எடுத்தாலும் எழுதி வைத்துவிட்டு எடுக்கட்டும், அது அப்பாவாகவே இருந்தாலும்!

இன்று பரிசு வாங்கும் உங்கள் பிள்ளையிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்து, இந்த மாதக் கணக்கை எழுதச் சொல்லுங்கள். அவன் கேள்வி கேட்டால் கோபப்படாதீர்கள். அன்று அந்த அரிசிக் கடையில் கேள்வி கேட்க ஓர் ஆள் இருந்திருந்தால், ஒரு குடும்பம் நொடித்திருக்காது அல்லவா?