தோள் கொடுத்த தம்பியர்

திருச்செந்தூரை அடுத்த ஆலந்தலை, முத்துக்குளித்துறையின் பழம்பெரும் ஏழு ஊர்களுள் ஒன்று. முத்துக் குளித்த அந்நாளில், ஒருவன் கடலடியில் மூழ்கிச் சிப்பி சேர்ப்பான். மற்றொருவன் படகில் கயிற்றைப் பற்றி நிற்பான். பற்றியவன் கைந்நெகிழின் மூழ்கியவன் உயிர் பிழைத்தல் அரிது. கிரிக்கெட்டு வீரர் பல்வங்கர் பாலுவுக்கு அவ்வாறு கயிறு பற்றி நின்றோர் அவர்தம் தம்பியரே.

பாலு 1876-ஆம் ஆண்டு தார்வாரில் பிறந்தார். அவர் குலத்தைத் தீண்டத்தகாததென்று ஒதுக்கிய காலம் அது. இளமையில் பூனா நகரத்து ஐரோப்பியர் மன்றமொன்றில் ஆடுகளத்தைச் செப்பனிடும் வேலை பெற்றார். திங்கள் ஊதியம் 4 ரூபாய். பயிற்சி செய்வோர்க்குப் பந்தெறிந்து, இடக்கைச் சுழற்பந்து வீச்சில் தேர்ந்தார்.

அவருடைய திறனைக் கண்ட பூனா இந்துக்கள் தம் அணியில் சேர்த்துக்கொண்டனர். களத்தில் அவர் தொட்ட பந்தை அனைவரும் தொட்டனர். இடைவேளையிலோ அவருக்கு மட்டும் வெளியே மண்குவளையில் தேநீர் தந்தனர். பாலு மனந்தளர்ந்தாரல்லர். தம்பியர் சிவராம், கண்பத், விட்டல் ஆகிய மூவரும் தமையன் வழியிலேயே கிரிக்கெட்டு வீரராயினர். 1906-இல் பம்பாயில் இந்து அணி ஐரோப்பிய அணியை வென்றபோது பாலுவும் சிவராமும் உடன் ஆடினர். 1911-இல் இருவரும் இங்கிலாந்து சென்றனர்; அங்கே பாலு 114 விக்கெட்டுகள் வீழ்த்தினார்.

இத்துணைப் புகழ் பெற்றும், அணித்தலைமை குலத்தின் பொருட்டே அவருக்கு மறுக்கப்பட்டு வந்தது. 1920-இல் அவரை அணியிலிருந்தே நீக்கினர். அது கண்டு சிவராமும் விட்டலும் வாளா இருந்திலர். தமக்குக் கிடைத்த இடத்தைத் துறந்து, தமையனுக்கு இழைத்த அநீதியை வெளிப்படையாகக் கண்டித்து விலகினர். தம் ஆட்டவாழ்வு அத்துடன் முடியுமோ என்று அவர்கள் அஞ்சவில்லை. பொதுமக்களிலும் பலர் அவர்கள் பக்கம் நின்றனர். இறுதிப் போட்டிக்குப் பாலு துணைத்தலைவராக அழைக்கப்பட்டார், தம்பியரும் திரும்பினர். தலைவர் பாய் களத்தினின்று நீங்கிய வேளையில் பாலுவே அணியை நடத்தினார்.

முழுத் தலைமை பாலுவுக்கு இறுதிவரை கிட்டவில்லை. ஆயினும், 1923-இல் விட்டல் தலைவரானார். அவர் தலைமையில் இந்து அணி வென்றது. தமையன் தட்டிய கதவு தம்பிக்குத் திறந்தது. 1955-இல் பாலு மறைந்தார்.

ஆற்றல் ஒருவனைக் களத்திற்குக் கொண்டு செல்லும். இழிவு வந்துற்றபோது அவனை நிமிர்ந்து நிற்கச் செய்வது, தன் நலம் துறந்து உடன் நிற்கும் உறவேயாம்.