கிளாட் ஷானன்: 21 வயது மாணவரின் ஆய்வேடு கம்ப்யூட்டர் உலகையே மாற்றியது எப்படி?

உங்க கையில் இருக்கும் செல்போனுக்குள் பல நூறு கோடி குட்டி சுவிட்சுகள் இருக்கு. ஒவ்வொன்றுக்கும் தெரிஞ்சது ரெண்டே விஷயம்தான்: ஆன், ஆஃப். இதை மட்டும் வச்சுக்கிட்டு ஒரு மெஷின் எப்படி கணக்குப் போடுது?

இந்தக் கேள்விக்கு 1937-ல் விடை எழுதியவர், அமெரிக்காவில் முதுநிலைப் படிப்பு படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர். அவர்தான் கிளாட் ஷானன்.

முள்வேலியில் ஓடிய தந்தி

ஷானன் 1916 ஏப்ரல் 30-ம் தேதி மிச்சிகன் மாகாணத்தில் பிறந்தார். வளர்ந்தது கேலார்ட் என்ற சின்ன ஊரில். அரை மைல் தள்ளி இருந்த நண்பன் வீட்டுக்கு, முள்வேலிக் கம்பியையே ஒயராகப் பயன்படுத்தி தந்தி இணைப்பு கொடுத்த பையன் அவர்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங், கணிதம் இரண்டையும் சேர்த்தே படித்து, 1936-ல் இரண்டு பட்டங்கள் வாங்கினார். அங்கேதான் ஜார்ஜ் பூலின் இயற்கணிதம் அவருக்கு அறிமுகமானது. உண்மை என்றால் 1, பொய் என்றால் 0 என்று வைத்துக்கொண்டு, தர்க்கத்தையே கணக்காகப் போடலாம் என்று 19-ம் நூற்றாண்டிலேயே சொன்னவர் பூல். ஆனால் இன்ஜினியர்கள் யாரும் அதை பெருசா கண்டுக்கல.

நோட்டீஸ் போர்டில் பார்த்த வேலை

அடுத்து என்ன செய்யலாம் என்று யோசித்த ஷானன் கண்ணில் பட்டது, நோட்டீஸ் போர்டில் இருந்த ஒரு அறிவிப்பு. எம்.ஐ.டி.யில் வன்னேவர் புஷ் உருவாக்கிய டிஃபரன்ஷியல் அனலைசர் மெஷினை இயக்க ஆள் தேவை. வேலை பார்த்துக்கொண்டே மேற்படிப்பும் படிக்கலாம்.

அது பல்சக்கரங்களும் இரும்புத் தண்டுகளும் சுழன்று கணக்குப் போடும் ராட்சத மெஷின். அதைக் கட்டுப்படுத்த சுமார் 100 ரிலேக்கள். ரிலே என்றால், மின்காந்தத்தால் தானாகத் திறந்து மூடும் சுவிட்ச்.

அந்தக் காலத்தில் ரிலே சர்க்யூட் அமைப்பது கிட்டத்தட்ட கைப்பக்குவம் மாதிரி. அனுபவத்தை வைத்து ஒயரை இணைத்துப் பார்ப்பார்கள். வேலை செய்தால் சரி. அதையே கணக்காக எழுத முடியுமா? கணிதமும் படித்திருந்த ஷானனுக்கு பூல் ஞாபகம் வந்தார்.

அப்படி என்ன கண்டுபிடித்தார்?

வீட்டு மிக்ஸியையே எடுத்துக்குவோம். சுவரில் இருக்கும் சுவிட்சும் ஆன் ஆகணும், மிக்ஸியில் இருக்கும் சுவிட்சும் ஆன் ஆகணும். இது பூல் கணக்கில் வரும் 'மற்றும்'. முன்வாசலில் ஒரு பட்டன், பின்வாசலில் ஒரு பட்டன். எதை அழுத்தினாலும் ஒரே காலிங் பெல் அடிக்குது. இது 'அல்லது'.

ஆக, எந்த சர்க்யூட்டையும் ஒரு சமன்பாடாக எழுதிவிடலாம். எழுதினால் சுருக்கலாம். உதாரணத்துக்கு, முதல் சுவிட்ச் ஆன் ஆகணும், கூடவே முதலாவதோ இரண்டாவதோ ஆன் ஆகணும் என்று ஒரு நிபந்தனை. யோசிச்சுப் பார்த்தா, முதல் சுவிட்ச் மட்டுமே போதும், மற்றது வீண். பேப்பரிலேயே இது தெரிந்துவிட்டால் செலவும் மிச்சம், பழுதும் குறைவு.

அதோடு அவர் நிற்கவில்லை. 0, 1 என்ற இரும எண்களைக் கூட்டும் சர்க்யூட்டையும் அதே ஆய்வேட்டில் வடிவமைத்துக் காட்டினார். வெறும் சுவிட்சுகளே கணக்குப் போடும் என்பது உறுதியானது.

நோபல் இல்லை, நோபிள்!

1938-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளியான இந்த வேலைக்கு ஆல்ஃபிரட் நோபிள் பரிசு கிடைத்தது. பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். இது அமெரிக்க சிவில் இன்ஜினியர் ஒருவர் பெயரில் தரப்படும் வேறு பரிசு.

இந்த யோசனை ஷானனுக்கு மட்டும் வந்ததல்ல. ஜப்பானில் அகிரா நகாஷிமா, சோவியத் யூனியனில் விக்டர் ஷெஸ்டகோவ் ஆகியோரும் அதே 1930-களில் தனித்தனியே இதே பாதையில் போயிருந்தார்கள். ஆனாலும் உலகம் முழுக்க இன்ஜினியர்களிடம் பெரிதாகப் போய்ச் சேர்ந்தது ஷானனின் கட்டுரைதான்.

நினைவு வைத்த எலி

1940-ல் முனைவர் பட்டம், அடுத்த ஆண்டு பெல் ஆய்வகத்தில் வேலை. 1948-ல் தகவலை 'பிட்' கணக்கில் அளக்கும் கோட்பாட்டை வெளியிட்டு உலகப் புகழ் பெற்றார். 1950-ல் தீசியஸ் என்ற எந்திர எலியைச் செய்தார். புதிர்ப் பாதையில் முட்டி மோதி வழி கண்டுபிடிக்கும் அது, அடுத்த முறை தடுமாறாமல் நேராகப் போகும். அந்த வழியை நினைவில் வைத்திருந்ததும் ரிலேக்கள்தான்!

எலிக்கு நினைவாற்றல் கொடுத்தவரின் நினைவை, கடைசிக் காலத்தில் அல்சைமர் நோய் கொஞ்சம் கொஞ்சமாகப் பறித்தது. 2001 பிப்ரவரி 24-ம் தேதி, 84 வயதில் ஷானன் காலமானார்.

இன்னைக்கும் ஏன் படிக்கிறாங்க?

ரிலே போய் வால்வு வந்தது, வால்வு போய் டிரான்சிஸ்டர் வந்தது. கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் கொண்ட சிப்பை இப்போ சாஃப்ட்வேர் உதவியோடுதான் வடிவமைக்கிறார்கள். ஆனால் அந்த சாஃப்ட்வேர் உள்ளுக்குள் செய்வதும் 'மற்றும்', 'அல்லது' கணக்கைச் சுருக்கும் வேலையைத்தான். பொருள் எத்தனையோ முறை மாறியும் முறை மாறவில்லை. கம்ப்யூட்டர் வடிவமைப்பு படிக்கும் மாணவர்கள் இன்றும் பூலில் இருந்தே தொடங்குவது அதனால்தான்.