புதுக்கோட்டை தந்த டாக்டர் அம்மா

மலருக்கு ஏதாவது எழுதணும் என்று சங்கத்திலிருந்து கேட்டதும் எனக்கு நினைவுக்கு வந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. எங்க மணப்பாறைக்குப் பக்கத்து ஊர்க்காரர். 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் கல்லூரி முதல்வர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். அந்தக் காலத்தில் ஒரு பெண்ணை மூலையில் உட்காரவைக்க இது ஒன்றே போதும். மகாராஜா கல்லூரியில் ஆண் பிள்ளைகளோடு இவரைச் சேர்ப்பதா என்று எதிர்ப்பு கிளம்பியது. தொண்டைமான் மன்னர்தான் இடம் கொடுத்தார். 1912இல் சென்னையில் மருத்துவப் பட்டம்; பிறகு சட்டசபை, தேவதாசி ஒழிப்பு, 1930இல் அவ்வை இல்லம். இதெல்லாம் பாடப் புத்தகத்திலேயே படித்திருப்பீர்கள்.

நான் சொல்ல வந்தது அவருடைய தங்கையைப் பற்றி. மலக்குடலில் புற்றுநோய். முதலில் சீதபேதி என்று நினைத்து வைத்தியம் பார்த்தார்கள். தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. ஒரு டாக்டர் வீட்டிலேயே இந்தக் கதி!

எங்க அம்மா மணப்பாறை ஸ்டேஷனில் ரயிலுக்கு முறுக்கு விற்றவர். ரத்தமாய்ப் போனதை ஒரு வருஷம் சூடு, மூலம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் காசு கேட்பார்கள் என்ற பயம் இல்லை. ஒரு நாள் போனால் அன்றைய வியாபாரம் போச்சு, அவ்வளவுதான். 1988இல் அடையாறுக்குக் கூட்டிப் போனோம். அங்கே பணம் பெரிதாகக் கேட்கவில்லை. ரயில் சார்ஜும், தங்க இடமும், சாப்பாடும்தான் எங்களைத் தின்றது. நாலு மாசத்தில் போய்விட்டார்.

அந்த அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, தங்கையை இழந்த முத்துலட்சுமி அம்மையார் வருஷக்கணக்காக நன்கொடைக்கு அலைந்து உண்டாக்கியது. 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954இல் 12 படுக்கைகளோடு திறந்தார்கள். கட்ட முடியாதவர்களுக்கு இலவசம் என்பது முதலிலிருந்தே இருந்த ஏற்பாடு. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதைத் தாங்கி நடத்தினார்.

அம்மையார் 1968இல் காலமானார். ஏழைக் கர்ப்பிணிகளின் கூலி இழப்பை ஈடுகட்ட 1987இல் அரசு கொண்டுவந்த உதவித் திட்டத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். சொற்பத் தொகையாக ஆரம்பித்தது, 2006இல் 6,000 ரூபாய், 2011இல் 12,000 ஆனது. வைத்தியம் இலவசமானாலும் கூலி போகுமே என்ற கணக்கு அதில் இருக்கிறது. 2012இல் என் அக்கா மகளுக்குப் பிரசவம் ஆனபோது அந்தப் பணம் வந்தது. மூணு மாசம் அவள் வேலைக்குப் போகவில்லை.